பாலர்க்கு வாசிப்புப் பாடம்: நான்கு அசைகளும் ஒரு பிடி புளியங்கொட்டையும்

எழுத்துகள் யாவும் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கவும் தெரியும் என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். நடைமுறையில் நாம் காண்பது வேறு. அரிச்சுவடி அட்டவணையை அகரம் முதல் இறுதி வரை தடையின்றி ஒப்பிக்கும் ஆறு வயதுச் சிறுவனிடம் ‘பாட்டு’ என்ற சொல்லை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ‘பா, இட், டு’ என்று எழுத்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். அல்லது ட் என்னும் எழுத்தின் மேலுள்ள புள்ளியைக் கவனியாமல் ‘பா-ட-டு’ என்பான். எழுத்து தெரிகிறது, சொல் கிடைக்கவில்லை.

தாயகத்தில் வளரும் பிள்ளைக்கு இந்தக் குறை விரைவில் தீர்ந்துவிடும். நாள் முழுதும் அவன் காதில் விழுவது தமிழே. ஆதலால் பாதிச் சொல்லைப் படித்ததும் மீதியை ஊகித்துக்கொள்வான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளின் நிலை அதுவன்று. பள்ளியில் ஆங்கிலம், கடைத்தெருவில் மலாய், பல வீடுகளில் இரண்டும் கலந்த பேச்சு என்று நாள் கழிகிறது. கேட்டறியாத சொல்லை ஊகிக்க எவராலும் இயலாது. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் வழி தெரியாத பிள்ளை, இரண்டொரு ஆண்டுகளில் ‘தமிழ் கடினம்’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். அந்த முடிவுக்கு வந்தவனை மீட்டு வருவது எளிதன்று.

இதன் இழப்பு தேர்வு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ஊரிலிருந்து நன்னி எழுதிய பழைய கடிதத்தையோ, வீட்டு அலமாரியிலுள்ள நபிமார் வரலாற்றையோ, திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பையோ தானே எடுத்துப் படிக்க முடியாத ஒரு தலைமுறை உருவாகிவிடும். நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் மக்கள் 1946-ஆம் ஆண்டில் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். 1960-இல் அஃது உயர்நிலைப் பள்ளியாயிற்று, 1982-இல் மூடப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் பின்னர் எழுந்தது. பள்ளி கட்டுவது எல்லாருக்கும் இயல்வதன்று. ஆனால் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்காருவது எவருக்கும் இயலும். அந்தப் பத்து நிமிடத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

அசை என்பது யாது?

வாய் ஒருமுறை திறந்து ஒலிக்கும் ஒலித்துண்டை இங்கு அசை என்று கொள்வோம். ‘உம்மா’ என்பதில் உம்-மா என இரண்டு அசை. ‘வாப்பா’ என்பதில் வாப்-பா என இரண்டு. ‘பாத்திமா’ என்பதில் பாத்-தி-மா என மூன்று. மோவாயின் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சற்று நிதானமாகச் சொன்னால், ஒவ்வோர் அசைக்கும் மோவாய் ஒருமுறை இறங்கிக் கையைத் தொடும். பாலர்க்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டியதில்லை.

யாப்பிலக்கணம் கற்றோர்க்கு இங்கு ஓர் ஐயம் எழலாம். யாப்பில் ‘மலர்’ என்பது ஒரே நிரையசை. நாமோ ம-லர் என இரண்டாகப் பிரிக்கிறோம். செய்யுளின் ஓசையை அளக்கக் குறில் இரண்டை இணைத்து ஓர் அசையாகக் கொள்வது புலவர் மரபு. வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு நாம் சொல்வது வாயின் அசைவு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. உண்மையில் நாம் கற்பிக்கப்போகும் நான்கு வடிவங்களும் யாப்பு நூலார் நேரசைக்குக் கூறிய நான்கு வகைகளே. தனிக்குறில், தனிக்குறிலும் ஒற்றும், தனிநெடில், தனிநெடிலும் ஒற்றும் என்று அவர்கள் வகுத்து வைத்ததை நாம் பாலர் வகுப்புக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவே.

நான்கு வடிவங்கள்

ப, பா, பல், பால் என்னும் நான்கையும் சொல்லிப் பாருங்கள்.

முதலாவது ‘ப’. குறில் மட்டும் உள்ளது. குறுகி ஒலித்து வாய் திறந்தபடி முடிகிறது.

இரண்டாவது ‘பா’. நெடில் மட்டும் உள்ளது. நீண்டு ஒலித்து வாய் திறந்தபடி முடிகிறது.

மூன்றாவது ‘பல்’. குறிலை ஒற்று அடைக்கிறது. நாக்கு மேலே சென்று ஒட்டிக்கொள்கிறது.

நான்காவது ‘பால்’. நெடிலை ஒற்று அடைக்கிறது. நீண்டு ஒலித்துப் பின் அடைபடுகிறது.

தமிழ்ச் சொல் எவ்வளவு நீளமானாலும் அதனைப் பிரித்தால் இந்த நான்கு வடிவங்களே கிடைக்கும். தமிழெழுத்து மொத்தம் 247 என்று சொல்லிப் பிள்ளையை மலைக்க வைக்கிறோம். உயிர் 12, மெய் 18, அவை கூடிய உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பது உண்மையே. ஆயினும் வாசிக்கும்போது அவை எடுக்கும் அசை வடிவம் நான்கு மட்டுமே என்று தெரிந்தால் பிள்ளைக்கு அச்சம் நீங்கும்.

இலக்கண நூலார் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளவு சொன்னார்கள். கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமுமே அவர்கள் காட்டிய மாத்திரை. கண்ணையும் கையையும் கொண்டு ஒலியை அளக்கக் கற்பித்த அவர்கள் வழியிலேயே நாமும் செல்கிறோம்.

கண்ணால் காணும் பொருள் எதற்கு?

காதால் கேட்ட ஒலி அடுத்த கணமே மறைந்துவிடும். பாயின் மேல் வைத்த பொருள் மறைவதில்லை. பிள்ளை அதைத் தொடலாம், நகர்த்தலாம், எண்ணலாம், தவறினால் எடுத்து மாற்றி வைக்கலாம். 1658-ஆம் ஆண்டிலேயே கொமேனியஸ் என்ற கல்வியாளர், படம் பார்த்துக் கற்கும் நூல் ஒன்றைப் பாலர்க்கென நியூரம்பர்க் நகரில் வெளியிட்டார். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கியதும் இதே கருத்தில்தான். ஆகவே கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுத்துக் கற்பித்தல் புதுமையன்று.

ஆனால் படத்தைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘அ’ எழுதி அருகே அணிலை வரைந்து வைத்தால், பிள்ளையின் கண் எழுத்தின்மேல் விழுவதில்லை, அணிலின்மேல் விழுகிறது. ‘அணில்’ என்று அவன் சரியாகச் சொன்னது படத்தைப் பார்த்தா, எழுத்தைப் பார்த்தா என்று நம்மால் அறிய முடியாது. ஆகையால் நம் அட்டைகளில் சொல் முன்புறமும் படம் பின்புறமும் இருக்கட்டும். வாசித்த பிறகு அட்டையைத் திருப்பிப் பார்ப்பது அவனுக்குப் பரிசாகும்.

வேண்டிய பொருள்கள்

செலவு ஏதுமில்லை. புளியங்கொட்டை ஒரு பிடி. ஐஸ்கிரீம் குச்சி பத்து. சட்டைப் பொத்தான் அல்லது பாசிமணி பத்து. பழைய நாட்காட்டியின் பின்புறத்தை வெட்டினால் நாற்பது அட்டைகள் கிடைக்கும். முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றும் இருந்தால் நலம்.

புளியங்கொட்டை குறிலுக்கு. ஐஸ்கிரீம் குச்சி நெடிலுக்கு. மணி ஒற்றுக்கு, மெய்யின் தலையிலுள்ள புள்ளி இறங்கி வந்து பாயில் உட்கார்ந்ததாகப் பிள்ளைக்குச் சொல்லலாம். குட்டை, நீளம், உருண்டை என்று வடிவத்தாலேயே மூன்றையும் வேறுபடுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகள், சிறப்பாக ஆண் பிள்ளைகள், எல்லா வகுப்புகளிலும் இருக்கக்கூடும். நிறத்தை மட்டும் நம்பிச் செய்த அட்டை அவர்களைக் கைவிட்டுவிடும்.

முதல் வாரம்: காதுப் பாடம்

முதல் வாரத்தில் எழுத்து வேண்டா. வீட்டிலுள்ள பெயர்களைச் சொல்லிக் கைதட்டச் செய்யுங்கள். அத்-தா, நன்-னி, ஹ-மீ-து, யூ-சுப், ஆ-யி-ஷா, க-தீ-ஜா, இப்-ரா-ஹீம். பிறகு ம-ரம், பழம், வீ-டு, கடை எனப் பொருள்களின் பெயர்களுக்குச் செல்லுங்கள். ‘பழம்’ எத்தனை தட்டு, ‘கடை’ எத்தனை தட்டு என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். எத்தனை தட்டோ அத்தனை அசை. இந்த ஒரு பழக்கம் உறுதிப்பட்டால் பின்வரும் பாடங்கள் எளிதாகும்.

பிள்ளையின் பெயரிலிருந்து தொடங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகள் 247-இல் சேர்ந்தவை அல்ல. அரிச்சுவடியின் கடைசியில்தான் வரும். ஆயிஷா என்னும் சிறுமிக்குத் தன் பெயரை வாசிக்க ‘ஷ’ முதல் நாளே தேவைப்படுகிறது. கடைசிப் பக்கம் வரும் வரையில் அவளைக் காத்திருக்கச் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம்: கொட்டையும் குச்சியும்

இவ்வாரம் ஒற்று இல்லாத சொற்கள் மட்டும். படு, பாடு, விடு, வீடு, எடு, ஏடு, கொடி, கோடி, தொடு, தோடு. இரண்டிரண்டாக அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை ‘படு’ என்ற அட்டையின் கீழே இரண்டு கொட்டைகளை வைப்பான். ‘பாடு’ என்பதற்கு ஒரு குச்சியும் ஒரு கொட்டையும் வைப்பான். வைத்தபின் விரலால் தொட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். கொட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர வேண்டும்; குச்சியின் மேல் விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுக்க வேண்டும். விரல் ஓடும் நேரம் வரை ஒலியும் நீளும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கற்பிப்போர் அதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். ‘கா, பா, மா’ என்று கற்ற பிள்ளை, துணைக்கால் வந்தால் நெடில் என்று தனக்குள் ஒரு விதி செய்துகொள்கிறான். பின்னர் ‘கொ’ வருகிறது. அதிலும் துணைக்கால் இருக்கிறது. ஆனால் அது குறில். ஆகவே ‘கொடி’ என்பதைக் ‘கோடி’ என்று வாசிக்கிறான். அவன் கவனக்குறைவால் தவறவில்லை. தான் கண்ட விதியைப் பிடித்துக்கொண்டு தவறுகிறான். கொ, கோ இரண்டுக்கும் துணைக்கால் பொது என்றும், வேறுபாடு இடப்பக்கத்துக் கொம்பில் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். அட்டையில் துணைக்காலை விரலால் மறைத்துக் கொம்பை மட்டும் பார்க்கச் செய்யுங்கள். ஒற்றைக் கொம்பானால் கொட்டை. இரட்டைக் கொம்பானால் குச்சி.

இந்தக் கொம்பு பாலர்களை மட்டும் துன்புறுத்தியதன்று. பழைய ஏடுகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் இன்று போல் பிரிந்திருக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால்தான் இரட்டைக் கொம்பு வழக்கிற்கு வந்தது. ஏட்டில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பலர் புள்ளியையும் விட்டுவிடுவார்களாம்; படிப்போர் இடம் நோக்கி அறிந்துகொண்டார்கள். கற்றவர்களே திணறிய இடத்தில் ஆறு வயதுப் பிள்ளை திணறுவதைக் கண்டு நாம் சினம் கொள்ளலாகாது.

மூன்றாம் வாரம்: அடைக்கும் மணி

இப்போது ஒற்றைக் கொண்டு வருவோம். கல், கால், பல், பால், மின், மீன், தின், தீன். ஒரு தாளில் திறந்த கதவு ஒன்றையும் மூடிய கதவு ஒன்றையும் வரைந்து வையுங்கள். பிள்ளை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ‘பா’ என்று சொல்லட்டும். வாய் திறந்தே இருக்கிறது. ஆகவே திறந்த கதவு. ‘பால்’ என்று சொல்லட்டும். நாக்கு மேலே சென்று அடைத்துவிட்டது. ஆகவே மூடிய கதவு. கதவை மூடுவது மணியின் வேலை. ‘பல்’ என்றால் ஒரு கொட்டையும் அதை ஒட்டி ஒரு மணியும். ‘பால்’ என்றால் ஒரு குச்சியும் ஒரு மணியும்.

மணியைப் பற்றிய விதி ஒன்றே. மணி எப்போதும் தன் இடப்பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். தானாக ஓர் அசையைத் தொடங்காது. ‘பட்டம்’ என்பதைப் ப-ட்டம் என்று பிரிக்கக் கூடாது. பட்-டம் என்றே பிரிக்க வேண்டும். இந்த ஒரு விதி பிள்ளையின் விரலுக்குப் பழகிவிட்டால், ‘பா, இட், டு’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லி நிற்கும் வழக்கம் தானே ஒழியும்.

தின், தீன் என்னும் இணையைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ‘தின்’ என்பது வாய்க்கு. ‘தீன்’ என்பது வாழ்வுக்கு. ஒரு மாத்திரை நீட்டினால் பொருள் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு நம் வீடுகளில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நான்காம் வாரம்: நாற்கட்டம்

ஓர் அட்டையை நான்கு கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்லை எழுதுங்கள்.

படு, பாடு, பட்டு, பாட்டு.

விடு, வீடு, விட்டு, வீட்டு.

மடு, மாடு, மட்டு, மாட்டு.

முதல் சொல்லில் கொட்டை, கொட்டை. இரண்டாவதில் குச்சி, கொட்டை. மூன்றாவதில் கொட்டையோடு மணி, பிறகு கொட்டை. நான்காவதில் குச்சியோடு மணி, பிறகு கொட்டை. நான்கு வடிவங்களும் ஒரே கட்டத்தில் அமைந்துவிட்டன. பிள்ளை ஒரு குச்சியை எடுத்துவிட்டுக் கொட்டையை வைத்தால் ‘பாட்டு’ ‘பட்டு’ ஆகிறது. மணியை நீக்கினால் ‘பட்டு’ ‘படு’ ஆகிறது. ஓர் எழுத்தின் மாற்றம் சொல்லையே மாற்றுவதைத் தன் கையாலேயே செய்து பார்க்கிறான். பத்து முறை சொல்லிக் கொடுப்பதைவிட ஒருமுறை தானே செய்து பார்ப்பது மேல்.

மணி இங்கு இன்னொரு வேலையும் செய்கிறது. ‘படு’ என்பதில் டகரம் மென்மையாக ஒலிக்கிறது. ‘பட்டு’ என்பதில் வன்மையாக ஒலிக்கிறது. வல்லினம் தனித்து உயிர்களுக்கு இடையே வரும்போது மெலியும், இரட்டித்தால் அழுத்தமாகும், பந்து, பங்கு என மெல்லினத்தை அடுத்து வரும்போதும் மெலியும். விதியாகச் சொல்ல வேண்டா. நாற்கட்டத்தை வாசித்துக் காட்டினால் காதே பிடித்துக்கொள்ளும்.

நாற்கட்டம் பழகியபின், ய், ர், ழ் என்னும் மூன்றையும் அடுத்து இன்னொரு ஒற்று வரக்கூடும் என்பதைக் காட்டலாம். பார்த்-தான், வாழ்க்-கை, வாழ்த்-து. இரண்டு மணிகளும் இடப்பக்கத்துக் குச்சியோடுதான் ஒட்டும். விதி மாறவில்லை, மணி ஒன்று கூடியது.

இறுதியில் ஒரு சோதனை. பிள்ளை வாசிக்கிறானா, ஊகிக்கிறானா என்று அறிய, பொருளற்ற சொற்களை எழுதிக் காட்டுங்கள். நிமு, நீமு, நிம்மு, நீம்மு. இவற்றை ஊகிக்க வழியில்லை. நான்கையும் பிழையின்றி வாசித்தால், இனி அவன் முன் எந்தத் தமிழ் நூலையும் திறந்து வைக்கலாம்.

கற்பிப்போர் அறிய வேண்டியவை

பிள்ளைக்குச் சொல்ல வேண்டாதனவும், ஆனால் நாம் தெரிந்திருக்க வேண்டியனவும் சில உண்டு. பாடு, பட்டு, பாட்டு ஆகியவற்றின் ஈற்று உகரம் குற்றியலுகரம். அரை மாத்திரையே ஒலிக்கும். ‘படு’ என்பதிலோ தனிக்குறிலை அடுத்து வருவதால் உகரம் குறையாது. எனவே ‘பாட்டு’ என்று வாசிக்கும் பிள்ளை கடைசி ஒலியை லேசாக விட்டால் அது பிழையன்று. ஐகாரம் இலக்கணப்படி நெடில். ஆனால் ‘வாழை’, ‘மலை’ போன்ற சொற்களின் இறுதியில் குறுகி ஒலிக்கும். தொடக்கத்தில் குச்சியே வைக்கட்டும்; குறுக்கம் பின்னர் தானே பழகும்.

வீட்டில் பழைய நூல்கள் இருந்தால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவை வேறு வடிவில் அச்சாகியிருக்கும். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பின்னரே இன்றைய வடிவங்கள் பரவலாயின. பழைய நூலில் துதிக்கை போல் வளைந்த ‘லை’யைக் கண்டு பிள்ளை கேட்டால், இது நன்னா படித்த எழுத்து என்று சொல்லிக் காட்டுங்கள். ஆர்வம் கூடுமே தவிரக் குழப்பம் வராது.

பிற மொழிகளுக்கும் இதே மூன்று பொருள்

நம் பிள்ளைகள் ஒரே நாளில் நான்கு மொழிகளின் எழுத்தைக் காண்கிறார்கள். அது சுமை என்று வருந்துவோர் உண்டு. ஒரே கருவி நான்கிற்கும் உதவினால் சுமை குறையும்.

ஓதுபள்ளியில் ஜபர், ஜேர், பேஷ் என்னும் குறிகளோடு வரும் எழுத்து குறில், அதற்குக் கொட்டை. அலிஃபோ, யாவோ, வாவோ சேர்ந்து நீட்டினால் நெடில், அதற்குக் குச்சி. சுக்கூன் வந்தால் உயிரற்ற மெய், அதற்கு மணி. நம் புள்ளி செய்வதையே சுக்கூனும் செய்கிறது. ஷத்து வந்தால் ஓர் எழுத்தே இருமுறை ஒலிக்கிறது. நாம் ‘ட்ட’ என்று இரண்டாக எழுதுவதை அங்கே ஒன்றாக எழுதிக் குறியிடுகிறார்கள். ‘ரப்பனா’ என்று துஆவில் நாளும் சொல்கிறோமே, அதனை ரப்-ப-னா என்று பிரித்தால் கொட்டையும் மணியும், கொட்டை, குச்சி என்று மூன்று வடிவங்கள் வந்துவிடுகின்றன. பொருள்களை வலமிருந்து இடமாக வைக்க வேண்டும் என்பதும், அதனால் அங்கே மணி வலப்பக்கத்ததோடு ஒட்டும் என்பதுமே வேறுபாடு. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோர், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் எழுத்துகளை அமைத்துக்கொண்டு, குறிலையும் நெடிலையும் இந்தக் குறிகளாலேயே காட்டினார்கள். இரண்டுக்கும் உள்ள உறவு அவர்களுக்கு விளங்கியிருந்தது.

மலாயில் லம்-பு என்றால் விளக்கு. முதல் அசை மூடியது, இரண்டாவது திறந்தது. தெருப் பெயர்ப் பலகையில் காணும் ‘ஜாலான்’ என்பதில் முதல் அசை திறந்தது, இரண்டாவது மூடியது. ஆனால் மலாயில் குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. எனவே அங்கே குச்சிக்கு வேலையில்லை. மலாய் வாசிப்பில் தேர்ந்த பிள்ளை தமிழில் ‘வீடு’ என்பதை ‘விடு’ என்று வாசித்தால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். அவனுக்குக் குச்சிப் பாடம் இன்னும் சில நாள் வேண்டும்.

ஆங்கிலத்தில் அசை வகைகள் ஆறு என்று கற்பிக்கிறார்கள். திறந்தது, மூடியது, கடைசியில் ஒலிக்காத ‘இ’ வந்து முன்னுள்ள உயிரை மாற்றுவது, இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஓர் ஒலி தருவது, ‘ஆர்’ என்னும் எழுத்தால் உயிரொலி திரிவது, ‘டேபிள்’ என்ற சொல்லின் ஈற்றில் வருவது போன்றது ஆகியவை அவை. ‘கிட்’ என்ற சொல்லின் ஈற்றில் ஓர் ஊமை எழுத்தை ஒட்டினால் அது ‘கைட்’ ஆகிவிடுகிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. நெடில் என்றால் அதன் அடையாளம் எழுத்திலேயே இருக்கிறது. ‘தமிழ் கடினம்’ என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த ஒப்பீட்டைக் காட்டலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டா. பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. தவறினால் ‘தவறு’ என்று சொல்லாமல், ‘பாயில் வைத்துப் பார்’ என்று சொல்லுங்கள். பொருளே அவனைத் திருத்தும். நான்கு வாரம் என்றது ஓர் அளவுக்காகச் சொன்னது. ஆறு வாரம் ஆனாலும் குறைவில்லை. பிள்ளை தடையின்றி வாசிக்கத் தொடங்கியதும் கொட்டையையும் குச்சியையும் எடுத்து வைத்துவிடுங்கள். நடக்கப் பழகிய பிள்ளைக்கு நடைவண்டி எதற்கு?

கைப்பேசியிலும் திரையிலும் எழுத்துப் பாடங்கள் இன்று நிறைய வருகின்றன. நல்லவற்றை விலக்க வேண்டியதில்லை. ஆயினும் திரையில் எழுத்து தானே நகர்கிறது. பாயில் பிள்ளையின் கை நகர்த்துகிறது. பக்கத்தில் வாப்பாவோ உம்மாவோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் சிறிய வேறுபாடன்று. தமிழ் சரிவர எழுதத் தெரியாத பெற்றோரும் தயங்க வேண்டா. பிள்ளையோடு சேர்ந்து அவர்களும் கற்கலாம். வார இறுதி வகுப்பு நடத்தும் சங்கங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை கொட்டையும் நாற்பது அட்டைகளும் கொடுத்தால் ஆகும் செலவு, ஒரு நாள் தேநீர் விருந்தின் செலவுக்குக் குறைவாகவே இருக்கும்.

எழுத்தைக் கற்பித்தவர் பாதி வழியே கொண்டுவந்து விட்டவர். கூட்டி வாசிக்கக் கற்பித்தவரே வீடுவரை கொண்டு சேர்த்தவர். நம் பிள்ளைகளை வீடுவரை கொண்டு சேர்க்க இன்றிரவே பாய் விரிப்போமாக.